தரங்கம்பாடியில் அப்பா எடுத்த ரூம்

பிள்ளைகளா, கோடியக்கரையில் தொடங்கிக் கடலோரமாகவே காரில் போகப்போவதாகச் சொன்னீர்கள். பெரிய ஓட்டல் வேண்டாம், வீட்டுக்காரர்களே நடத்துகிற சின்ன லாட்ஜாக இருக்கட்டும் என்று மூன்று நாளாக ஃபோனில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். நேற்று சின்னவள் என்னிடம், "தாத்தால்லாம் லாட்ஜை எங்க பாத்திருக்கப் போறாருப்பா" என்றாள். பார்த்திருக்கிறாரம்மா. அதே கரையில், ஃபோன் இல்லாமல், சின்ன லாட்ஜ் தேடி அலைந்த ஆள் அவர். கூட நானும் போனேன். எனக்கு அப்போது எட்டு வயது.

வலங்கைமான் பக்கத்தில் நம் ஊர் அப்போது இப்படி இல்லை. அப்பாவும் அம்மாவும் பண்ணை நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்காகச் சில வருடம் ஊரே கொதித்துக் கிடந்தது. கொடி, ஊர்வலம், போலீஸ், கோர்ட்டு எல்லாம் நடந்தது. பிறகு உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையின் உபரி நிலத்தைப் பிரித்தபோது, அப்பாவுக்கு ஒரு ஏக்கர் பட்டா ஆனது. அதில் முதல் அறுப்பு முடிந்ததும் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். வாழ்நாளெல்லாம் காவிரித் தண்ணீரில் நின்று நாற்று நட்ட அம்மாவுக்கு, அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று காட்ட வேண்டும். போன அன்றே திரும்பவும் கூடாது. ரூம் எடுத்துத் தங்க வேண்டும்.

இதைக் கேட்டுப் பெரியப்பா சிரித்த சிரிப்பு தெரு முழுக்கக் கேட்டது.

"தொரை லாட்ஜுக்குப் போறாராம்டா. ஒனக்கு எவன்டா ரூமு குடுப்பான்? கடல் மணல்ல துண்ட விரிச்சுப் படுத்துட்டு, இங்க வந்து ரூமுன்னு கத விடப்போற."

"ரூமு எடுக்காம ஊருக்குள்ள கால வெக்கிறேனா பாரு" என்றார் அப்பா. எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அப்பா, அம்மா, நான், அம்மா இடுப்பில் தங்கச்சி. மூன்று பஸ் மாறிப் பூம்புகார் போய்ச் சேர்ந்தோம். அறுவடைக் காலம் என்பதால் ஆற்றில் தண்ணீர் குறைவு. முகத்துவாரத்தில் முழங்காலளவு ஓடிக்கொண்டிருந்ததை அம்மா நெடுநேரம் பார்த்தாள். "இத்துனூண்டுதான் மிச்சமா? மீதியெல்லாம் நாமளே குடிச்சிட்டமா" என்று கேட்டாள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மத்தியானத்துக்கு மேல் ரூம் தேடல் தொடங்கியது. வழியில் ஓர் ஊரில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே பெரிய லாட்ஜ். அப்பா படியேறாமல் தெருவில் நின்றே கேட்டார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் ஊரைக் கேட்டார். அப்பா சொன்னார். "ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டார். அதையும் சொன்னார். அந்தக் காலத்தில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி.

"ரூம் ஒண்ணும் காலி இல்லியே" என்றார் அவர்.

அவர் தலைக்குப் பின்னால் பலகையில் வரிசையாகச் சாவிகள் தொங்கின. "அப்பா, அவ்வளவு சாவி இருக்கே" என்றேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். உண்மையைச் சொன்னதற்கு ஏன் இப்படி இழுக்கிறார் என்று எனக்குக் கோபம்.

அடுத்த பஸ்ஸில் அப்பா கண்டக்டரிடம் கேட்டார். அவர் நல்ல மனிதர். டிக்கெட் கிழித்தபடியே சொன்னார்: "சின்ன எடமாப் பாருங்க. தரங்கம்பாடியில பாய் ஒருத்தர் மாடியில நாலு ரூமு வச்சிருக்காரு. பெரிய கோட்டை வாசல் தாண்டி இடது பக்கம், பச்ச ஜன்னல்."

"ரொம்பக் கேள்வி கேப்பாருங்களா?"

"கேப்பாரு. சாப்பிட்டீங்களான்னு."

பொழுது சாய்கிற நேரத்தில் பச்சை ஜன்னலைக் கண்டுபிடித்தோம். போர்டு கிடையாது. லாட்ஜ் மாதிரியும் இல்லை, தூண் வைத்த பெரிய வீடு. வீட்டைப் பார்த்ததும் அம்மா பக்கத்துச் சந்தில் திரும்பிவிட்டாள். அப்பாவும் பின்னாலேயே போனார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பெரிய வீடென்றால் கொல்லைப்பக்கமாகத்தான் போவோம். பண்ணை வீட்டில் கூலி நெல் வாங்குவதும், பொங்கலுக்கு வேட்டி வாங்குவதும் அங்கேதான். அந்த வீட்டுக்கு முன்பக்கம் எப்படி இருக்கும் என்றே நான் பார்த்ததில்லை.

கொல்லையில் பாயின் வீட்டம்மா மீன் அரிந்துகொண்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தார்கள்.

"யாரு?"

"ரூமு கேட்டு வந்தோம் ஆச்சி" என்றாள் அம்மா.

"ரூமுக்கு இப்படியா வருவாங்க? மீன் வாடைக்கு வர்ற பூனையாட்டம். முன்னால வாங்க தங்கச்சி."

அப்பா தயங்கினார். "பரவால்லீங்க. இப்படியே படி இருந்தா ஏறிக்கிறோம்."

"படி முன்னாலதான் இருக்கு தம்பி."

"புள்ளைங்க காலெல்லாம் மண்ணுங்க."

"கடக்கரையில மண்ணு இல்லாத காலு ஏது? சுத்தி வாங்க, சுத்தி வாங்க."

எனக்கு ஒரே பசி. அடுக்களைக் கதவு திறந்து கிடக்கிறது, மீன் குழம்பு மணக்கிறது, இந்தம்மா தெருவைச் சுற்றி வரச் சொல்கிறார்களே என்று ஆத்திரமாக வந்தது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தோம்.

முன்பக்கம் மூன்று படி. அப்பா முதல் படிக்குக் கீழேயே நின்றுவிட்டார். பாய் வெளியே வந்து, "ஏன் நிக்கிறீங்க, வாங்க" என்றார். உள்ளே போகாமல் அப்பா, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்.

"வலங்கைமான் பக்கம்ங்க. ஊருக்கு வெளியில இருக்கற தெருங்க எங்களுது. அப்பறம் தெரிஞ்சு எழுப்பி விடுறாப்ல ஆயிடக் கூடாது. புள்ளைங்க தூங்கிடும்."

அம்மா தரையைப் பார்த்தாள். போன லாட்ஜில் தெருவைச் சொல்லித்தானே கெட்டது, மறுபடியும் ஏன் சொல்கிறார் என்று நான் பயந்தேன்.

"நான் என்ன தெருவையா வாடகைக்கு விடுறேன்? எத்தன பேரு சாப்பிடுவீங்க, அதச் சொல்லுங்க" என்றார் பாய். உள்ளே திரும்பி, "இன்னும் ரெண்டு மீன் போடு" என்று குரல் கொடுத்தார்.

அப்பா அம்மாவைத்தான் முதலில் ஏறச் சொன்னார். அம்மா இடுப்பில் பிள்ளை இருக்கிறதே, கால் வலிக்கும் என்பதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் அம்மா எழுந்து ரூமைப் பெருக்கி, ஈரத்துணியால் தரையைத் துடைத்துவிட்டாள். பாயின் வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு, "தங்கச்சி, நீ எல்லா ரூமையும் கெடுத்துட்டுப் போயிடாத. நாளைக்கு வர்றவன் இதே மாதிரி கேப்பான்" என்றார்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பண்ணை வீட்டில் யாரும் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை.

அப்பாவோ அன்று காலை ஒரு இடத்தில் இல்லை. டீ குடிக்கப் போகிறேன் என்று வெளியே போனார், வந்தார். பஸ் நேரம் கேட்கப் போனார், வந்தார். கடல் எந்தப் பக்கம் என்று பார்க்கப் போனார், வந்தார். நாலாவது தடவை காரணமே சொல்லவில்லை. சும்மா போய்த் தெருவில் நின்றுவிட்டு, மூன்று படியையும் ஒவ்வொன்றாக ஏறி உள்ளே வந்தார். முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பாய் ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கி "வாங்க" என்றார். நாலாவது தடவையும் சலிக்காமல் சொன்னார்.

"என்னப்பா தேடுறீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லடா" என்றார்.

ஊருக்கு வந்ததும் பெரியப்பா அப்பாவை நம்பாமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். மாடி, மீன் குழம்பு, ரூமுக்குள்ளிருந்து போடுகிற தாழ்ப்பாள் எல்லாம் சொன்னேன். அப்பா எதையோ தொலைத்துவிட்டு நாலு தடவை உள்ளேயும் வெளியேயும் அலைந்ததையும் நடந்து காட்டினேன். தெருவே சிரித்தது. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப முன்வாசல்லயாடா போனீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். எனக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் அன்று யாரிடமும் சொல்லவில்லை. தரங்கம்பாடியில் ஊர் திரும்பும் பஸ்ஸுக்காக நின்றபோது, ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் பச்சை ஜன்னல் வீட்டுக்குத் திரும்ப ஓடினேன். படியேறி, மாடிக்குப் போய், ரூமுக்குள் நுழைந்தேன். நாங்கள் படுத்த கோரைப்பாயை உதறிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் பார்த்தேன். ஜன்னல் கட்டையில் கையால் தடவிப் பார்த்தேன். அப்பா அவ்வளவு நேரம் தேடினாரே, அதை எப்படியாவது நான் கண்டுபிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று, அம்மா துடைத்து வைத்த அந்தத் தரையில் மண்டியிட்டு மூலை மூலையாகத் தேடினேன்.