ஆர்ட்டினும் டைமனும்

அதியமான்கோட்டையில் பிரிட்ஜ் சீட்டு ஆடுகிறார்கள் என்றால் தர்மபுரி டவுன்காரர்களே சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மெயின் ரோட்டு உரக்கடைக்கு மேலே, மொட்டைமாடியை ஒட்டிய ஒற்றை அறையில், ஞாயிறு மதியம் நாலு நாலு பேராக உட்கார்ந்து ஆடத்தான் செய்கிறார்கள். எதிரெதிரே உட்காரும் இரண்டு பேர் ஒரு கட்சி. கூட்டாளியின் கையில் என்ன சீட்டு இருக்கும் என்று யூகித்து ஆட வேண்டும். சூதாட்டமா என்று எட்டிப் பார்க்க வந்தவர்கள்கூடக் கொஞ்ச நேரத்தில் தலை சுற்றி இறங்கிப் போயிருக்கிறார்கள்.

ஆரம்பித்து வைத்தவள் சசிகலா. கல்யாணத்துக்கு முன் ஒரு சர்க்கரை ஆலையில் டைப்பிஸ்டாக இருந்தாள். அங்கே ஆபீசர்கள் ஆட்டத்துக்கு ஒரு கை குறைந்தால் இவளைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் இவள் விட்ட தப்பையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, தட்டிலிருக்கும் பஜ்ஜியோடு சேர்த்து மென்று தின்பார்கள். அந்த எரிச்சல் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் தன் கிளப்புக்கு ஒரே ஒரு சட்டம் வைத்தாள். ஆடத் தெரிந்தவர், தெரியாதவர், யார் வேண்டுமானாலும் வரலாம். ஆனால் போட்ட சீட்டைப் பற்றி ஒருவரும் குறை சொல்லக் கூடாது. "பரவால்லைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போக வேண்டும்.

நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றார்கள்? டீக்கடை மாதேஷ் அதை நம்பித்தான் படியேறினார். சீட்டுக்கட்டையே தொட்டுப் பார்த்திராத நர்ஸ் கலைமதி இப்போது சசிகலாவையே திணறடிக்கிறாள். அதில் சசிகலாவுக்குக் கொள்ளைப் பெருமை.

சசிகலாவின் கூட்டாளி குப்புராஜ். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த வேனில்தான் ஹைவேயைத் தாண்டிப் போய் வருகிறார்கள். அதிகம் வாய் திறக்காத மனுஷன், ஆட்டத்தில் மட்டும் படு கெட்டி. அவருடைய ஆட்டம்தான் சமீபமாகப் பிசகிக்கொண்டிருந்தது. ஒருவர் இறக்கிய இனத்தையே மற்றவர்களும் போட வேண்டும்; இவரோ ஆர்ட்டின் இறக்கினால் இன்னொரு சிவப்பு இனமான டைமனைப் போடுவார். "ஆர்ட்டின் இல்லீங்களாண்ணா?" என்று கேட்டால், "இல்லம்மா" என்பார். இரண்டு சுற்று கழித்து அதே கையிலிருந்து ஆர்ட்டின் வந்து விழும். சசிகலா "பரவால்லைங்கண்ணா" என்று சீட்டைத் திருப்பிக் கொடுப்பாள். வயசாகிறது, சர்க்கரை வேறு இருக்கிறது, கவனம் சிதறத்தான் செய்யும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். முந்திக்கொண்டு ஏலம் கேட்டு, ஆட்டத்தைத் தன் கைக்கு இழுத்துக்கொள்ளவும் பழகினாள். ஏலம் எடுத்தவர்தான் இரண்டு கையையும் ஆட வேண்டும். கூட்டாளி தன் சீட்டை மேஜையில் விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருக்கலாம்.

போன ஞாயிறு மழை மூடிக்கொண்டு அறை மங்கலாக இருந்தது. ஏலம் சசிகலாவுக்கு வந்தது. குப்புராஜ் தன் சீட்டுகளை இனம் பிரித்து விரித்தார். கறுப்பில் ஒரே இனம்தான் இருந்தது, அதில் பிசகில்லை. சிவப்பை இரண்டு வரிசையாக வைத்தார். இரண்டு வரிசையிலும் ஆர்ட்டினும் டைமனும் கலந்து கிடந்தன.

எதிர்க்கட்சியில் இருந்த மாதேஷ்தான் கையை நீட்டி, சத்தமில்லாமல் சீட்டுகளை மாற்றி வைத்தார். குப்புராஜ் அந்தக் கை நகர்வதையே பார்த்திருந்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சசிகலா அந்த இரண்டு வரிசையையும் பார்த்தாள். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சீட்டு தெரியாதவர், நாளைக்குக் காலையில் லாரிகளுக்கு நடுவே அந்த வேனை ஓட்டப் போகிறார். இது கவனக் குறைவு இல்லை, கண். இது தனக்கு இன்றைக்குத்தான் தெரியுமா என்று கேட்டுக்கொண்டாள். இல்லை, எப்போதோ தெரியும். அந்த ஆட்டத்தில் அவள் ஜெயித்தாள். ஜெயித்தது மனதில் பதியவேயில்லை.

ஆட்டம் கலைந்து இறங்கும்போது, கீழே கலைமதி அவளுக்காகக் காத்திருந்தாள்.

"அக்கா, நாளையிலருந்து எம் பாப்பாவ வேன்ல அனுப்பல, நானே ஸ்கூட்டில கொண்டு போய் வுட்டுடறேன்."

"ஏன்?" தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப மத்த புள்ளைங்க?"

கலைமதிக்கு முகம் சுண்டிவிட்டது. "அவரு வூட்டுல ரெண்டு பொண்ணு படிக்குதுக்கா. வேலை போயிட்டா என்ன பண்ணுவாரு? அத நான் எப்படி வாயால சொல்றது? சொல்லக் கூடாதுன்னு ரூல் போட்டதே நீங்கதானே."

சுரீரென்று கோபம் வந்தது சசிகலாவுக்கு. தன் பிள்ளையை மட்டும் இறக்கிக்கொள்ளப் பார்க்கிறாளே என்று ஒரு வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் எந்த முகத்தோடு கேட்பது? இத்தனை நாளும் அந்த மனுஷனின் தப்பை மூடி மூடி வைத்தவள் தானேதான். விறுவிறுவென்று மறுபடி மேலே ஏறினாள்.

குப்புராஜ் மாடிப்படியின் தலையில் தனியாக நின்றிருந்தார். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்திருக்கிறார். சுவரைப் பிடித்தபடி, முதல் படி எங்கே என்று காலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கோவிச்சிக்காதீங்க. நீங்க சீட்ட மறந்து போய் மாத்திப் போடல. உங்களுக்குக் கண்ணு தெரியல. இனிமே வண்டி எடுக்காதீங்க."

கத்துவார் என்று நினைத்தாள். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும் சந்தேகமாத்தான் இருந்திச்சி சசிம்மா. டாக்டர்கிட்ட போனா என்ன சொல்லுவாரோன்னு பயம். அதான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம இங்க வந்து பாத்துக்குவேன். இத்தன பேரு ஒக்காந்திருக்கீங்க, ரொம்ப மோசமா போனா யாராச்சும் ஒருத்தர் சொல்லாமயா இருப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க யாரும் ஒண்ணும் சொல்லல. செரி, அவ்ளோ மோசமில்ல போலன்னு திங்கக்கெழம வண்டிய எடுத்துடுவேன்."

சசிகலா அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். யாருக்காக அழுகிறோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை. இத்தனை திங்கட்கிழமை ஒன்றும் ஆகாமல் போனது வெறும் அதிர்ஷ்டம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

குப்புராஜ் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அவளிடம் நீட்டினார்.

"ஸ்கூலுக்கு நீயே போன் போட்டுக் குடும்மா. எனக்கு நம்பர் தெரியல."