வாசலில் நின்ற ஆறு பேர்

வேலை தேடும் பெண்களுக்கு வழி சொல்வது மேடத்தின் வேலை, வந்தவர்கள் பெயரை எழுதுவது என் வேலை, சொன்ன வழியில் போய்த் திரும்பி வருவது அவர்கள் வேலை. இப்படி ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு என் அலுப்பு புரியும்.

2008இல் ஒரு செவ்வாய்க்கிழமை கடலூர் முதுநகரில் எங்கள் வேலைவாய்ப்பு முகாம் நடந்த அறையில் இருந்தவர்கள்: மேடம், நான், ஆறு பெண்கள். வெளியே வெயிலில் மூன்று கணவர்கள், இரண்டு மாமியார்கள், ஒரு அண்ணன். பதிவேட்டில் வெளியே நிற்பவர்களுக்குக் கட்டம் கிடையாது. நான் மட்டும் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வேன்.

குழாயும் வண்டியும்

ஆறு பேரில் கலைவாணி புதியவள் அல்ல. வேதியியல் படித்தவள். போன மாதம்தான் சிப்காட்டில் ஒரு கம்பெனி ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிட்டோம். நாலே நாளில் நின்றுவிட்டாள். இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம், பிறகு வேறு ஆள் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

மேடம் படிவத்தைப் புரட்டி, "உனக்கு உண்மையிலேயே இதில் ஆர்வம் இருக்கா?" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். மேடம் போன் பேச எழுந்து போனதும் கலைவாணி என் பக்கம் திரும்பினாள். "ஆர்வம் இருக்குங்க. கம்பெனி வண்டி காலையில அஞ்சரைக்கு வருது, தெருக்குழாயில தண்ணியும் அஞ்சரைக்குத்தான் வருது. ரெண்டு எடத்துலயும் நானே நிக்க முடியுமா?"

சிதம்பரத்தில் வெயில்

அடுத்த வாரம் முகாம் சிதம்பரத்தில். அதே படிவம், அதே கேள்விகள். ஒரு பெண்ணிடம் மேடம் முக்கால் மணி நேரம் தன்னம்பிக்கை பற்றிப் பேசினார். எல்லாவற்றுக்கும் "சரிங்க மேடம்" என்றாள். வெளியே கணவர் கேட்டது ஒன்றுதான்: "எத்தன மணிக்கு வூட்டுக்கு வருவ?" அவளுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து பதிவேட்டில் தன் பெயரை அடித்துவிடச் சொன்னாள்.

நான் லேசில் வாய் திறப்பவள் அல்ல. அன்று பொறுக்காமல் வாசலுக்குப் போய் அந்தக் கணவரிடம், "உள்ள வந்து நீங்களே கேட்டிருக்கலாமே தம்பி" என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "மூணு மணி நேரமா நிக்கிறேன், உள்ள வந்து ஒக்காருன்னு ஒருத்தர் சொல்லல. இப்ப மட்டும் நான் வேணுமா?"

இன்னொரு நாற்காலி

அதற்கடுத்த செவ்வாய் மறுபடி முதுநகர்; கலைவாணிக்குக் கம்பெனி தந்த கெடு முடியும் நாள். என் நாற்காலியைத் தூக்கி மேடத்தின் எதிரே போட்டுவிட்டு, வாசலில் நின்ற அவள் மாமியாரை உள்ளே கூப்பிட்டேன். மேடம் முகத்தைச் சுளித்தார். நான் நின்றுகொண்டே கேட்டேன், "வண்டி வர்ற நேரத்துல தண்ணி யாரு புடிக்கிறது?"

மாமியார் மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். "நாலு நாள் போனியே, ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டியாடி?"

"கேட்டா திட்டுவீங்கன்னு..."

"திட்டுவேன்தான். திட்டிட்டுப் புடிப்பேன்."

கலைவாணி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் என் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். "எட்டு கொடம், நான் பாத்துக்குறேன்க்கா. கல்யாணத்துக்கு முன்ன நானும் எறா உரிக்கிற வேலைக்குப் போனவதான். எம் பேரையும் எழுது."

முதுநகரில் ஆறு பேர் வந்ததில் ஒருத்திக்கு வேலை அமைந்தது, மாமியாரையும் எழுதியபின் என் பதிவேட்டில் வேலைக்குக் காத்திருப்பவர்கள் மறுபடி ஆறு.