தையல்நாயகி ஓட்டிய மாப்பிள்ளைக் கார்

எண்பதுகளில் தாம்பரம் பக்கம் மாப்பிள்ளை அழைப்பு என்றால் சேலையூர் தையல்நாயகியின் காரைத்தான் கேட்பார்கள். கூரையை மடக்கிவிடக்கூடிய பழைய சீமைக் கார். கணவர் ஜெயவேலு இறந்ததும் அதை விற்கச் சொல்லி வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, அவளே ஓட்டக் கற்றுக்கொண்டாள். தாலியில்லாதவள் மாப்பிள்ளைக்கு முன்னால் உட்காருவதா என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களே வாடகைக்கும் வந்தார்கள். இவர்களுடைய சாஸ்திரம் அவ்வளவுதான்.

ஒரு வருடம் ஆவணி முகூர்த்தங்களில் வம்பு தொடங்கியது. காலையில் சாவியைத் தொட்டதும் கிளம்பும் கார், ஊர்வலத்தில் ஊர்ந்து சூடானபின் நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. இன்ஜின் சோம்பலாக இரண்டு சுற்று சுற்றி முனகும். இரண்டு கல்யாணங்களில் தள்ளித்தான் கிளப்பினார்கள். புது பேட்டரி போட்டாள், ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்த்தாள், பயனில்லை. எல்லாம் அவள் ராசி என்று பேச்சு கிளம்பியது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மூன்றாவது கல்யாணம் செம்பாக்கத்தில். பிள்ளையார் கோயில் வாசலில் தீபாராதனைக்காக நிறுத்தினாள். சாவியைத் திருப்பினால் அதே முனகல். மாப்பிள்ளையின் தாய்மாமன் துரைராஜ் காருக்கு முன்னால் வந்து நின்றார்.

"இந்தம்மாவ எறக்கிவுடுங்க. புருசன் இல்லாதவ கை பட்டா வண்டி எப்டி ஓடும்?"

தையல்நாயகி இறங்கினாள். இறங்கிப் போகவில்லை, பானட்டைத் திறந்தாள். பேட்டரியிலிருந்து போகும் வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். எர்த் வயர் காரின் பாடியோடு சேரும் போல்ட் மட்டும் தோசைக்கல்லாய்ச் சுட்டது. கையை உதறிக்கொண்டு குனிந்து பார்த்தாள். போல்ட்டுக்கு அடியில் பளபளவென்று சிவப்பு பெயின்ட்.

கல்யாணமில்லாத ஆடியில், கார் ஜொலிக்கட்டும் என்று பானட்டுக்குள்ளும் வயர்களைக் கழற்றிவிட்டு இண்டு இடுக்கு விடாமல் அடித்தவள் அவளேதான். அந்தப் பெயின்ட் கரண்ட்டைப் பாதியில் மறித்து, போல்ட்டையும் சூடாக்கிவிட்டது. மிச்சம் வந்த கரண்ட்டில் குளிர்ந்த இன்ஜின் எப்படியோ சுற்றியது. சூடேறி இறுகிய இன்ஜினுக்கு அது போதவில்லை. தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

போல்ட்டைக் கழற்றினாள். ஸ்க்ரூடிரைவரால் பெயின்ட்டை இரும்பு தெரியும்வரை சுரண்டி, மறுபடி முடுக்கி, பானட்டை மூடிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பியதும் கார் உறுமியது. உடனே அணைத்தாள். மறுபடி கிளப்பினாள். மறுபடி அணைத்து, துரைராஜின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறையும் கிளப்பினாள்.

"ஆடில பெயின்ட் அடிச்சது என் தப்பு, ஒத்துக்கறேன். என் வூட்டுக்காரரு செத்தது என் தப்பு இல்லண்ணா."

துரைராஜ் அப்போதும் காரை மறித்துக்கொண்டுதான் நின்றார். தையல்நாயகி ஹார்னை அழுத்தினாள். அவர் விலகும்வரை கையை எடுக்கவில்லை.