மணி அடித்தால் நிற்க வேண்டும்

பந்தின் மேல் ஒரு காலை வைத்து, இடுப்பில் கையூன்றி, ஒரு சைக்கிள் தெருவைக் கடந்து போகும்வரை அசையாமல் நிற்கும் மாமாதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறார். அவர் அசையாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு சமயத்தில்தான். சாப்பிட உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். பேப்பர் படித்தால் கால் கட்டைவிரல் தரையைச் சுரண்டும். தூக்கத்திலும் உதைப்பார் என்று அவருக்குப் பக்கத்தில் யாரும் பாய் விரிக்க மாட்டார்கள். அம்மாவின் கடைசித் தம்பி அவர். தாத்தாவும் ஆச்சியும் அடுத்தடுத்துப் போனபிறகு எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூப்பு. "கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டுல்லா பொறந்திருக்கான்" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அதே மூச்சில் என்னையும் பார்த்து, "இவளும் மாமன அப்படியே உரிச்சு வச்சிருக்கா" என்பாள். அதில் எனக்குப் பெருமைதான்.

எங்கள் தெரு பாளையங்கோட்டையில், கால்வாயைப் பார்த்து இறங்கும் ஒடுங்கலான தெருக்களில் ஒன்று. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தெருவில் கார் கிடையாது, ஸ்கூட்டரே ஒன்றிரண்டுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வீசியெறிந்தால் இருட்டும்வரை தெரு எங்களுடையது. மின்கம்பத்துக்கும் எங்கள் வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு கோல். அடிபம்புக்கும் எதிர்வீட்டுப் படிக்கும் நடுவில் இன்னொன்று. எங்கள் பக்கத்துக் கோலுக்கு நான்தான் காவல். பெண்பிள்ளையை எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் என்று இப்போது கேட்கிறார்கள். பந்து பட்டால் உடையப்போவது எங்கள் வீட்டு ஜன்னல். ஆகவே தடுக்கிற பொறுப்பும் எங்கள் வீட்டு ஆளுக்குத்தான். தெருவின் நியாயம் அவ்வளவு எளிமையானது.

விடுமுறை நாள் காலையில் அதே தெருவில் கிரிக்கெட்டும் நடக்கும். எனக்கு அது ஆகாது. மட்டைக்குச் சொந்தக்காரன் அவுட்டே ஆகமாட்டான், மற்றவர்கள் வெயிலில் வாய் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பந்தாட்டத்தில் காத்துக்கிடக்கிற வேலையே இல்லை. ஒரு பந்து, எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் ஓட்டம். பந்தும் என்ன பந்து? தோல் நைந்து, பிளாடருக்குச் சைக்கிள் கடையில் ஒட்டு மேல் ஒட்டுப் போட்டு, ஒரு பக்கம் புடைத்துப் போனது. எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கே தெரியாது. வெறுங்காலோடு அதன் பின்னால் ஓட வேண்டும். சுவரும் எங்களோடு ஆடியது. எதிரே ஆள் வந்து மறித்தால் மாமா பந்தைச் சாய்வாகச் சுவரில் தட்டிவிட்டு, ஆளைச் சுற்றி ஓடி, திரும்பி வரும் பந்தைக் காலில் வாங்கிக்கொள்வார். அதைப் பார்க்கும்போது எனக்குள் ஒரு குறுகுறுப்பு எழும். ராத்திரி பாடப் புத்தகத்தைப் பிரித்துவைத்த பிறகும் மேசைக்கடியில் என் கால்கள் ஓடிக்கொண்டே இருக்கும்.

எங்களுக்கு ஆஃப்சைடு தெரியாது, ரெஃப்ரி கிடையாது. ஒரே ஒரு சட்டம்தான். மணி அடித்தால் நிற்க வேண்டும். ஒருமுறை பால்காரர் சைக்கிளில் பந்து பட்டு, கேன் கவிழ்ந்து, தெரு முழுக்கப் பால் ஓடியது. அதன்பிறகு பெரியவர்கள் சேர்ந்து போட்ட சட்டம் அது. சைக்கிள் மணி கேட்டதும் பந்து வைத்திருப்பவன் அதன் மேல் காலை வைத்து நிற்பான். மற்றவர்களும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். சைக்கிள் போனபிறகு விட்ட இடத்திலிருந்து ஆட்டம். அந்த நேரத்தில் பந்தைத் தட்டிப் பறித்து கோல் போட்டால் அதற்குக் களவாணி கோல் என்று பெயர். போட்டவனை ஒரு வாரம் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வாயாலேயே 'ட்ரிங்' என்று மணியடித்து ஏமாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. அது எடுபடவில்லை, ஏனென்றால் தெருவில் வந்துபோகிற ஒவ்வொரு மணியின் குரலும் எங்களுக்கு அத்துப்படி.

எல்லா மணியிலும் அச்சமூட்டியது அப்பாவின் மணி. மூடி விரிசல் விட்டு, கணீரென்று அடிக்காமல் 'டொர்ர்' என்று இழுக்கும். பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அப்பா, சாயங்காலம் முனை திரும்பும்போதே அதை அழுத்திக்கொண்டு வருவார். மாமா அப்படியே உறைந்து போவார். "பந்து சோறு போடுமா வே?" என்பதற்கு மேல் அப்பா எதுவும் திட்டியதில்லை. மாமாவை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். மாமா அங்கே விரலால் தட்டிக்கொண்டே மேசைக்குக் கீழே காலால் தாளம் போடுவாராம். பக்கத்து மிஷின்காரர்கள் எழுத்துப் பிழைக்கெல்லாம் அதைத்தான் காரணம் சொன்னார்கள்.

அப்போதுதான் ஒரு நூற்பாலையில் பந்தாட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. தேர்வானால் ஆலையில் நிரந்தர வேலை. பாதி நாள் வேலை, பாதி நாள் ஆட்டம். சனிக்கிழமை ஓர் ஆட்டம், அதில் தேறியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று. உட்கார்ந்து செய்கிற எந்த வேலையும் தனக்கு ஒத்துவராது என்று மாமாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவருக்கென்றே யாரோ யோசித்துச் செய்துவைத்த வேலை அது. அம்மா தயங்கித் தயங்கி அப்பாவிடம் சொன்னாள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

சனிக்கிழமை மாமா ஒரு வாடகை சைக்கிளில் என்னை முன்னால் உட்காரவைத்து அழைத்துப் போனார். ஆலை மைதானத்தைப் பார்த்ததும் நான் முதலில் சுவரைத்தான் தேடினேன். எவ்வளவு பெரிய வெட்டவெளி, நான்கு பக்கமும் சுண்ணாம்புக் கோடு, ஒரு சுவர்கூட இல்லை. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம் மாமா திண்டாடினார். ஆள் வந்து மறித்ததும் பழக்கத்தில் பந்தை வலப்பக்கம் தட்டினார். திருப்பித் தரச் சுவர் இல்லாததால் அது கோட்டைத் தாண்டி உடைமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது. கூட்டம் சிரித்தது. பிறகு எப்படியோ பிடிபட்டுவிட்டது. சுவருக்குப் பதிலாகப் பக்கத்தில் ஓடுகிற ஆளிடமே தட்டிவிட்டு வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார். அவ்வளவு இடம் அவருக்கு வாழ்க்கையில் கிடைத்ததே இல்லை. அவர் ஓடியதைப் பார்த்து, கோட்டோரம் நின்ற ஆலைப் பயிற்சியாளர் வாயிலிருந்த விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு, "யாருவே இந்தப் பையன்?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

ஆட்டம் முடிகிற நேரம். மாமா நடுக்கோட்டிலிருந்து பந்தோடு புறப்பட்டு இரண்டு பேரைத் தாண்டினார், மூன்றாவது ஆளையும் தாண்டினார். இனி கோல்காவலன் ஒருவன்தான். நான் எழுந்து நின்றுவிட்டேன். அப்போது எனக்குப் பின்னால் 'டொர்ர்' என்று ஒரு மணி இழுத்தது.

மாமா நின்றார். பந்தின் மேல் காலை வைத்து, இடுப்பில் கையூன்றி, சைக்கிள் போகட்டும் என்று நின்றார். துரத்தி வந்தவனுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை; அவனும் ஒரு கணம் நின்றான். பிறகு பந்தைக் காலடியிலிருந்து தட்டி எடுத்துக்கொண்டு போனான். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வருவதற்காக மணியடித்திருக்கிறார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். ஹாண்டில்பாரில் தொங்கிய மஞ்சள் பையில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் தெரிந்தது.

"ஏன்ல நின்ன? கிறுக்கு புடிச்சிருக்கா?" என்று பயிற்சியாளர் கத்திக்கொண்டு வந்தார். மாமா பதில் சொல்ல வாயெடுத்தவர், அவருக்குப் பின்னால் அப்பாவைப் பார்த்தார். குளுக்கோஸ் பையையும் பார்த்திருக்க வேண்டும். மெதுவாக மைதானத்திலேயே உட்கார்ந்து இடது கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். "கால் பிரண்டுட்டு சார்" என்றார்.

அப்பா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். அப்பா ஓடி நான் பார்த்ததில்லை. மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாமாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு நீவினார். "நல்லா ஆடுதான் சார். காலு சரியா இருந்தா நாளைக்குக் காலைல கூட்டிட்டு வாங்க" என்று பயிற்சியாளர் தணிந்து சொன்னார். "இந்தக் காலோடயா? எலும்பு விஷயம், விளையாடக் கூடாது சார்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

சைக்கிள்களைத் தெரிந்த கடையில் விட்டுவிட்டு மூன்று பேரும் சேரன்மகாதேவி பஸ்ஸில் ஏறினோம். அங்கே எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியர் ஒருவர் இருந்தார். ஒரு குறையும் இல்லாத காலை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, "நரம்பு பிசகியிருக்கு, நல்ல வேளையா உடனே கொண்டாந்திய" என்றார் அவர். அவர் அழுத்திய இடத்திலெல்லாம் மாமா தவறாமல் கத்தினார். கட்டுக்கு முட்டையும் உளுந்து மாவும் வாங்கிவர அப்பா வெளியே போனதும் நான் பொறுக்கமாட்டாமல் சொன்னேன்: "உண்மையச் சொல்லிருங்க மாமா. நாளைக்குப் போயி ஆடலாம்லா."

"வாய மூடுட்டி" என்றார் மாமா. "அத்தான் பந்தாட்டம் பாக்க வந்திருக்காவட்டி. குளுக்கோஸு வாங்கிட்டு வந்திருக்காவ. அவ்வொ மணியாலதான் போச்சுன்னு எப்பிடிட்டிச் சொல்ல?"

"நான் சொல்லுதேன்."

"சொன்னியோ, பெறவு எங்கூடப் பேசாத."

அப்பா வந்ததும் நான் வாயைத் திறக்கப் போனேன். மாமா என் தொடையில் அழுத்திக் கிள்ளினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலை மைதானத்தில் இரண்டாவது ஆட்டம் நடந்துகொண்டிருந்த நேரம், மாமா எங்கள் வீட்டு முன்னறையில், கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே தெருவில் எங்கள் பையன்களின் கூச்சல். கட்டுக்கு வெளியே தெரிந்த ஐந்து விரல்களும் ஓடிக்கொண்டிருந்தன. அதைப் பார்க்க முடியாமல் நான் அடுக்களைக்குள் போய் அழுதேன். கட்டுப் பிரிப்பதற்குள் ஆலையில் ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள். அப்பா ஒவ்வொரு ராத்திரியும் தைலத்தைச் சூடுபண்ணி எடுத்துவந்து தன் கையாலேயே தேய்த்துவிடுவார். அதன்பிறகு மாமா தெருவில் ஆடவும் இல்லை. கால் நன்றாக ஓடுவதை அப்பா பார்த்துவிட்டால் என்னாவது என்று அவருக்கு ஒரு பயம்.

மாமா மருந்து மொத்தக் கடைக்கு விற்பனை ஆளாகப் போனார். அம்பாசமுத்திரத்துக்கும் நாங்குநேரிக்கும் மோட்டார் சைக்கிளில் அலைந்தே தலை நரைத்துவிட்டது. வாழ்க்கை ஒன்றும் கெட்டுப்போகவில்லை, கல்யாணம் ஆகிப் பிள்ளைகள் படித்துவிட்டார்கள். ஆனால் எனக்குத்தான் ஆறவில்லை. அப்பாவுக்கு நல்லவராக இருப்பதற்காக மாமா தன் காலையே கட்டிப்போட்டுக்கொண்டாரே என்று கோபம். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா, "என் மச்சினன் பெரிய பிளேயரு, அன்னைக்குக் கால் மட்டும் பிரளலன்னா" என்று ஆரம்பிப்பார். பெருமையில் முகம் மலர்ந்துவிடும். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து அடுத்த அறைக்குப் போவேன், திரும்பி வருவேன், மறுபடி போவேன். என்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். தெருவின் இரண்டு பக்கமும் இப்போது கார்கள் நிற்கின்றன. ஒரு பந்து உருள இடமில்லை. அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, கண் பார்வை மங்கிவிட்டது, நாளெல்லாம் கட்டிலில்தான். சொல்வதானால் இப்போது சொல்ல வேண்டும், இனிமேல் சமயம் வாய்க்காது என்று முடிவோடு போனேன். மாமா மாத்திரை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவரிடம் அப்பா பழைய கதையை முழுக்கச் சொல்லி முடித்தார். அவர் போனபிறகு, "மாப்ளே, காலை இங்கன நீட்டு" என்று கையால் துழாவினார்.

மாமா யோசிக்காமல் வலது காலை நீட்டினார். அப்பாவின் கை கணுக்காலைச் சுற்றி வந்து நின்றது. "இதுவா? எந்தக் காலு அது?" என்றார். மாமா திகைத்துவிட்டார். அவருக்கே நினைவில்லை. என்னைப் பார்த்தார். அவர் கைக்கு எட்டாத தூரத்தில் நான் நின்றிருந்தேன். இந்தத் தடவை கிள்ளி என்னை அடக்க அவரால் முடியாது.

"இடது காலுப்பா" என்றேன்.

மாமா காலை மாற்றி நீட்டினார். அப்பா அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் பைய அழுத்திப் பார்த்தார்.

"அதான பாத்தேன். வீக்கம் இன்னும் முழுசா வத்தலயே மாப்ளே" என்றார்.