துரை காரின் ஏர்கோன்

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஸ்வெட்டரும் கம்பளிக் குல்லாயும் போட்ட ஆண்கள் சிலர் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஒரு காருக்கு ஏர்கோன் வேண்டுமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஏசியை நாங்கள் இங்கே ஏர்கோன் என்றுதான் சொல்வோம். நான் உள்ளே அவர்களுக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். காரை ஓட்டப்போகிறவர் என் வீட்டுக்காரர். பக்கத்தில் உட்காரப்போகிறவள் நான். மூன்றாவது ஆளுக்கு அதில் இடமே கிடையாது. ஆனால் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"இந்தக் குளிருக்கு ஏர்கோனு எதுக்குண்ணே? தாப்பாவுல மீன் வாங்கி உள்ள வச்சுக் கொண்டாரவா?" என்றான் பக்கத்து வீட்டுத் தம்பி. தேயிலைத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்கிறவன். தாப்பா, எங்கள் மலைக்குக் கீழே வெயிலடிக்கிற ஊர். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. தேநீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுவிட்டேன். அதையும் நன்றாயிருக்கிறது என்று குடித்தார்கள்.

எங்கள் லயனில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இது ஒரு பழக்கம். ஒருவர் தன் காரின் போனட்டைத் திறந்தால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு மற்ற ஆண்கள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். அப்புறம் அது யார் கார் என்பது முக்கியமில்லை. கூடி நிற்பவர்கள் என்ன சொல்கிறார்களோ அதுதான் முடிவு. அதை மீறித் தன்னிஷ்டத்துக்குச் செய்தால், அடுத்த முறை கார் நின்றுபோகும்போது தள்ளுவதற்குக்கூட ஆள் வராது. என் வீட்டுக்காரர் இந்தத் தோட்டத்திலேயே பிறந்து, இந்தத் தோட்டத்து லோரியையே ஓட்டுகிறவர். அவர் அந்த வழக்கத்தை மீறமாட்டார்.

கார், ஓய்வு பெற்றுப்போன துரையுடையது. மேனேஜரை நாங்கள் இன்னும் துரை என்றுதான் சொல்கிறோம். அவரும் தமிழர்தான், ஆனாலும் துரை. நீண்ட மூக்கும் இரண்டே கதவுகளும் உள்ள சிவப்பு நிறப் பந்தயக் கார். வாலிப வயதில் ஆசைப்பட்டு வாங்கினாராம். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போகும்போது, இத்தனை வருடம் அதைத் துடைத்து வைத்த என் வீட்டுக்காரரிடமே கொடுத்துவிட்டுப் போனார். கீழே ஈப்போவுக்கு இறங்கினால் துரையின் மனைவிக்கு வெயில் தாங்காது என்று, கார் வாங்கிய பிறகு தனியாக ஏர்கோன் வைத்திருந்தார்கள். கறுப்பாக ஒரு பெட்டி, முன்பக்கம், நான் உட்காரும் இடத்துக்கு நேரே தொங்கும். அதில் காற்றைத் திறக்கவும் மூடவும் இரண்டு திருகுகள். கால் நீட்டினால் முழங்காலில் இடிக்கும்.

அந்தப் பெட்டியைத்தான் கழற்றிப் போட வேண்டும் என்றார்கள்.

எனக்கு ஏன் அது வேண்டும் என்று சொல்கிறேன். எனக்கு மலைப்பாதை ஆகாது. இந்த மலையிலேயே பிறந்தவளுக்கு மலைப்பாதை ஆகாது என்றால் சிரிப்பார்கள். கீழே இறங்கும்போது ரிங்லெட் ஊரைத் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பிக்கும். இரண்டாவது மூன்றாவது வளைவிலேயே வாயில் நீர் ஊறும். பஸ்ஸில் போனால், உள்ளே அடைத்த வாசனையும் ஆட்டமும் சேர்ந்து குடலைப் பிடுங்கும். தோட்டத்து லோரியில் போனால் கண்ணாடியை இறக்கி வைத்திருப்பார்கள். முன்னால் திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிய லோரி புகை கக்கிக்கொண்டு ஊர்ந்து போகும். எதிரில் காய்கறித் தோட்டங்களுக்குக் கோழிச்சாணம் ஏற்றிய லோரி ஏறி வரும். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. நான் மடியில் பிளாஸ்டிக் பை வைத்துக்கொள்ளாமல் தாப்பாவுக்கு இறங்கியதே கிடையாது.

துரையின் காரைச் சரிபார்த்து, முதல் தடவையாக என்னை ஏற்றிக்கொண்டு பீடோருக்குப் போனபோது, என் வீட்டுக்காரர் பெருமைக்காக ஏர்கோனைப் போட்டுக் காட்டினார். கண்ணாடிகளை ஏற்றியாகிவிட்டது. குளிர்ந்த காற்று நேராக என் முகத்தில் அடித்தது. கார் தரையோடு தரையாக இருந்ததால் ஆட்டமும் இல்லை. கோழிச்சாண லோரி ஒன்று எங்களைக் கடந்து போனது. எனக்கு ஒன்றும் செய்யவில்லை. தாப்பா கடைத்தெருவில் இறங்கி நின்றபோது பசித்தது. அந்தப் பாதையில் வந்து எனக்குப் பசித்தது அன்றுதான்.

தாப்பாவுக்கு அப்பால் பீடோரில் எங்கள் மகள் இருக்கிறாள். கட்டிக்கொடுத்த இடம் அது. அப்போது அவளுக்கு ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவதுதான் முறை. ஆனால் அவளுக்கு இரத்த அழுத்தம் இருந்ததால் மலை ஏற வேண்டாம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அதனால் நான்தான் இறங்கிப் போய் அவளோடு இருந்து பார்க்க வேண்டும். நான் போகாவிட்டால் அவள் மாமியார் பார்ப்பார். நல்ல மனுஷிதான். இருந்தாலும் அது வேறு.

அந்த முதல் பயணத்தில் திரும்பி வரும்போதுதான் வினை. தாப்பாவிலிருந்து ஏற ஏற, மீட்டரில் சூடு காட்டும் முள் மேலே போய்க்கொண்டே இருந்தது. ஏற்றத்தில் ஏர்கோனையும் சேர்த்து இழுக்க அந்தப் பழைய எஞ்சினுக்குத் தெம்பில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் ஏர்கோனுக்கென்று இன்னொரு சல்லடை மாதிரி ஒன்றை மாட்டியிருந்தார்கள். அது காற்றை மறைக்கிறதாம். ரிங்லெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் தண்ணீர் கொதித்து, போனட்டைச் சுற்றி ஆவி கிளம்பியது. சுற்றுலா வந்தவர்கள் காரை நிறுத்திப் படம் எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் முகம் அந்தக் காரைவிடச் சிவந்துவிட்டது.

மறு ஞாயிறே போனட்டைத் திறந்தார். கூட்டம் கூடியது. அதைத்தான் முதலில் சொன்னேன்.

ரிங்லெட்டிலிருந்து ஒரு சீனப் பெரியவரையும் வரவழைத்திருந்தார். இங்கே கார் பழுது பார்ப்பவரைப் போர்மன் என்போம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "புவாங் லா," என்றார். தூக்கிப் போடு என்று அர்த்தம். தேநீரைக் குடித்தார், போய்விட்டார்.

"ஒரேயடியா கழட்ட வேணாண்ணே. ஏர்கோன் பெல்ட்ட மட்டும் எடுத்துட்டு ஒரு தடவ ஓட்டிப் பாப்போம்," என்றான் பக்கத்து வீட்டுத் தம்பி.

அவனும் என் வீட்டுக்காரரும் ஒரு நாள் விடியற்காலையில் கிளம்பிப் போனார்கள். தாப்பாவில் ரொட்டி சானாய் தின்றுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்தார்கள். கார் கொதிக்கவில்லை. குதிரை மாதிரி ஏறியது என்றார்கள். ஏர்கோன் இல்லாமல் வியர்த்ததா என்று கேட்டால், காற்று சிலுசிலு என்று வந்ததாம். விடியற்காலையில் வராமல் எப்போது வரும்? எங்கள் ஆட்கள் வெயிலைப் பற்றி முடிவெடுக்கிற விதம் இதுதான். குளிரில் நின்று பேசுவார்கள், குளிரில் போய்ப் பார்ப்பார்கள், குளிரில் திரும்பி வந்து எல்லாம் சரி என்பார்கள். இதில் யாருக்கும் வயிறு புரட்டாது என்பது வேறு.

"ஏங்க, எனக்கு அது இருந்தாத்தான்..." என்று அன்று இரவுச் சாப்பாட்டில் ஆரம்பித்தேன்.

"காத்து வருதுல்ல புள்ள. கண்ணாடிய இறக்கி வச்சுக்கலாம்."

"கண்ணாடி இறக்கினா நாத்தம் வருங்க."

"நீயே பாரேன் ஒரு தடவ."

பார்த்தேன். மகளுக்கு எட்டு மாதம் முடியும்போது, பெல்ட் கழற்றிய காரில், வெயில் நேரத்தில் இறங்கினோம். கண்ணாடி இறக்கியிருந்தது. முன்னால் முட்டைக்கோஸ் லோரி. அதை முந்த இடமில்லை. என் வீட்டுக்காரர் அதன் பின்னாலேயே போனார். புகை முழுக்க உள்ளே வந்தது. அருவி தெரியும் இடத்தில் முதல் பையும், அதற்குக் கீழே இரண்டாவது பையும் நிறைந்தன. அவர் காரை ஓரம் கட்டி முதுகைத் தடவிக் கொடுத்தார். தண்ணீர் கொடுத்தார். மனிதர் நல்லவர்தான். அதில்தான் எனக்குக் கோபமே. நல்லவரோடு சண்டையும் போட முடியாது.

பீடோரில் மகள் வாசலுக்கு வந்தாள். நான் காரிலிருந்து எழுந்திருக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கார் அவ்வளவு தாழ்வு. புடவையெல்லாம் நாற்றம். அவள் பெரிய வயிற்றோடு என்னைத் தாங்கி உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தாள். ரசம் வைத்தாள். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து என் புடவையை அலசினாள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். தலை சுற்றியது. நாள் முழுக்க நான் படுத்திருக்க, அவள் நடந்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். "அம்மா, பிரசவத்துக்கு நீ வர வேணாம்மா. அத்த பாத்துக்குறேன்னு சொல்றாங்க. நீ வந்து படுத்துகிட்டா நான் ஒன்னப் பாப்பேனா, பிள்ளையப் பாப்பேனா?"

கோபமாகச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சரி என்றேன்.

அன்றே வெயில் தாழ்ந்த பிறகு மலை ஏறினோம். கார் கொதிக்கவே இல்லை. "பாத்தியா எப்படி ஏறுது," என்றார் என் வீட்டுக்காரர். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு ஏர்கோனை முழுதாகக் கழற்றுவது என்று முடிவாகியிருந்தது. மறுபடியும் போனட், மறுபடியும் கூட்டம், மறுபடியும் நான் தேநீர். ரிங்லெட் போர்மனும் தன் சாமான்களோடு வந்துவிட்டார். தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எப்போதும் தட்டைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். ஆண்கள் கூட்டத்தில் நின்று எனக்குப் பழக்கமில்லை. அன்று வைத்துவிட்டு நின்றேன். கையை முந்தானையில் சுருட்டிக்கொண்டேன்.

"அதக் கழட்ட வேணாம்," என்றேன்.

யாருக்கும் காதில் விழவில்லை. இன்னொரு முறை சொன்னேன். திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னக்கா?" என்றான் பக்கத்து வீட்டுத் தம்பி.

"பெல்ட்டத் திரும்ப மாட்டச் சொல்லு. அது இல்லாம என்னால கீழ போக முடியாது. பிள்ள பெறப்போறா. நான் போகணும்."

"ஏறும்போது கொதிக்குமேக்கா?"

"கொதிச்சா நிறுத்திட்டு நில்லுங்க. நான் ரெண்டு பை வாந்தி எடுத்தப்ப நிறுத்தலியா?"

யாரோ சிரித்தார்கள். "அண்ணே, அக்கா மீட்டரும் ஏறிடுச்சு போல லா," என்றான் தம்பி. என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. போனட்டுக்குள் பார்த்தபடி நின்றார். கூட்டம் அவர் வாயைப் பார்த்தது. அவர் என்ன முடிவு சொன்னாலும் ஒரு பக்கம் அவருக்கு இடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் உள்ளே போகவில்லை.

கடைசியில் போர்மனிடம் பெல்ட்டை மாட்டச் சொன்னார். போர்மன் தலையை ஆட்டிக்கொண்டே மாட்டினார். எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் கலைந்தார்கள். இரண்டு குவளை தேநீர் அப்படியே ஆறிப்போயிருந்தது. அடுத்த நாள் ரிங்லெட்டுக்கு லோரி ஓட்டிப் போன என் வீட்டுக்காரர், ரேடியேட்டரைக் குளிரவைக்கப் பெரிய காற்றாடி ஒன்றை வாங்கி வந்தார்.

மகளுக்கு வலி எடுத்ததாக மருமகன் போன் செய்தபோது உச்சி வெயில். இறங்கினோம். ஏர்கோன் என் முகத்தில் அடித்தது. பை மடித்தபடியே மடியில் கிடந்தது. மருத்துவமனை வாசலில் நான் என் காலில் நடந்து உள்ளே போனேன். பெண் குழந்தை. முதலில் மருமகன் கையில் கொடுத்தார்கள், பிறகு என் கையில். அதன் பிறகு முப்பது நாளும் பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் ஊற்றி, பத்தியம் சமைத்து, மருந்துக்காரம் இடித்துக் கொடுத்தேன். யாரும் எனக்கு ரசம் வைக்கவில்லை.

முப்பது கழிந்து என்னைக் கூட்டிப்போக வந்தார். ஏற ஆரம்பித்ததும் சண்டையும் ஆரம்பித்தது. அவர் கண் மீட்டரிலேயே இருந்தது. முள் கொஞ்சம் நகர்ந்தால் என் பக்கம் கை நீட்டி ஏர்கோன் திருகை மூடுவார். வளைவு வந்தால், கோனர் என்போம் நாங்கள், எனக்கு வாயில் நீர் ஊறும். நான் திறப்பேன்.

"கொஞ்ச நேரம் மூடு புள்ள."

"இந்தக் கோனர் போகட்டும்."

"ஒவ்வொரு கோனருக்கும் இதையேதான் சொல்ற."

"கோனர் முடிஞ்சா சொல்ல மாட்டேன்."

அருவியைத் தாண்டி, பாதி மலையில் கொதித்துவிட்டது. அந்தப் பெரிய காற்றாடி இருந்தும் கொதித்தது. போனட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஆவி அடங்கும் வரை நின்றார். நான் ஓரத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போதே ஒரு கேன் தண்ணீர் எடுத்து வையுங்கள் என்று சொன்னேன். எடுத்து வைக்கவில்லை. அந்தக் கோபத்தில் அவர் பக்கம் பார்க்காமல் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு மட்டும் புரட்டவில்லை.

மோட்டார் சைக்கிளில் மலை ஏறி வந்த ஒரு பையன் நிறுத்தினான். போனட்டுக்குள் குனிந்து பார்த்தான். எங்கள் ஆட்களில் ஒருவன் போலத்தான் இருந்தான்.

"அண்ணே, இதுக்கு ஏர்கோன்லாம் தாங்காதுண்ணே. கழட்டிப் போட்டுருங்க. மலைக்குப் போறவங்களுக்கு அது எதுக்கு?"

இத்தனை நாளும் எங்கள் வாசலில் கூடியவர்கள் சொன்னது அதேதான், என் வீட்டுக்காரரும் அதற்குத் தலையாட்டியவர்தான். இப்போது அவர் நிமிர்ந்து, அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது இருக்கட்டும் தம்பி," என்றார் எரிச்சலோடு. "ஒங்கிட்ட தண்ணி இருக்கா, அதச் சொல்லு."