அக்காவின் குறுக்கு விசாரணை

"நீங்களே கண்ணால பாத்தீங்களா, இல்ல யாராச்சும் சொன்னாங்களா?"

குழாயில் தண்ணீர் வரவில்லை என்று முறையிட வந்த தையல்காரரிடம்தான் அக்காவின் இந்தக் கேள்வி. பாவம், அவர் பேந்தப் பேந்த விழித்தார். "பாத்தேம்மா." "எந்தக் குழாய்? அப்ப பக்கத்துல யாரு இருந்தா?" ஒரு ஓட்டு போச்சு என்று அத்தான் என் காதைக் கடித்தார். தையல்காரர் படியிறங்குமுன் அக்கா குடிநீர் அதிகாரிக்குப் போன் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

மாநில அரசுக்காக இருபது வருடம் குற்ற வழக்குகள் நடத்திவிட்டுச் சட்டமன்றம் போனவர் என் அக்கா. முதல் பிரசாரக் கூட்டத்திலேயே மைக்கைப் பிடித்து, "கனம் நீதிபதி அவர்களே" என்று ஆரம்பித்துவிட்டார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த கூட்டத்தில் எல்லோரும் கால்மேல் கால் போட்டு, நீதிபதி மாதிரியே உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாம் தேர்தலில் எதிரே நின்றவர் ஒரு சாலை ஒப்பந்தக்காரர். ஒரு மோசடி வழக்கில் அக்கா கூண்டில் ஏற்றியும் விடுதலையாகிப் போனவர். அவர் வந்தால், அக்கா ஆரம்பித்துப் பாதியில் நிற்கும் தண்ணீர்த் திட்டம் அவ்வளவுதான். கடைசிக் கூட்டத்தில் எங்கள் கட்சிச் செயலாளர் அவரைத் திருடன் என்றதும் கைதட்டல் பறந்தது. அக்கா மைக்கைப் பிடுங்கினார்.

"அந்தக் கேஸை நடத்துனதே நான்தான். என்னால நிரூபிக்க முடியல. அப்புறம் திருடன்னு சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?"

செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஓட்டு எண்ணிக்கை முடிந்தபோது பன்னிரண்டே ஓட்டில் அக்கா முன்னால் இருந்தார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தான் முன்பின் தெரியாத போலீஸ்காரரைக் கட்டிக்கொண்டு ஆடினார். நாங்கள் நாலு பேர் அக்காவைத் தோளில் தூக்கிவிட்டோம்.

அப்போதுதான் ஒப்பந்தக்காரர் தேர்தல் அதிகாரியிடம் போய், மூன்றாவது மேசையில் தன் ஓட்டுச்சீட்டுக் கட்டு ஒன்று அக்கா கணக்கில் மாறிவிட்டது, மறுபடி எண்ண வேண்டும் என்றார்.

அதிகாரி அக்காவை அண்ணாந்து பார்த்தார். "நீங்க ஆட்சேபிச்சா தள்ளுபடி பண்ணிடலாங்க."

"ஒரே வார்த்தை சொல்லுங்க மேடம்" என்று செயலாளர் கெஞ்சினார்.

"சந்தேகம்னு ஒருத்தர் கேட்டா எண்ணித்தான் ஆகணும். எண்ணுங்க. டேய் தம்பி, என்னைக் கீழ இறக்குடா."

இறக்கினோம். அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு மூன்றாவது மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். ஒன்றில் உட்கார்ந்து, மற்றதைத் தட்டி ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டார்.