கருவாட்டின் மேல் செய்த பாவம்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்ணாரப்பேட்டையில் ஒரு லேபுக்குப் போய், மூடி போட்ட சின்ன டப்பாவைக் கையில் வாங்குவேன். அதை நிரப்பிக் கொடுத்துவிட்டு, ரிசல்ட் எப்படி வரும் என்று இரண்டு மூன்று தடவை கேட்பேன். "பயப்படாதீங்க சார், நார்மலாத்தான் வரும்" என்பாள் அங்கிருக்கும் பெண். சிறுநீர் விஷயத்தில் என் மேல் ஒரு பழைய கேஸ் இருப்பது அவளுக்குத் தெரியாது.

அப்போது மூன்றாம் வகுப்பு. வீடு ராயபுரத்தில். அப்பாவுக்கு ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் வேலை. பள்ளி விட்டதும் நானும் என் தோஸ்தும் காசிமேட்டுக் கரைக்கு ஓடிவிடுவோம். மணலில் பழைய வலையை விரித்து நெத்திலி காயப்போட்டிருப்பார்கள். ஒருநாள் ஒன்றுக்குப் போகும்போது, யாருடையது அதிக தூரம் போகும் என்று எங்களுக்குள் போட்டி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நான்தான் ஜெயித்தேன். ஜெயித்தது போய் நெத்திலியின் மேல் விழுந்தது. காவலுக்கு இருந்த மீன்காரம்மா கட்டையைத் தூக்குவதற்குள் இருவரும் தெருவுக்கு வந்துவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது அம்மா காசிமேட்டில் நெத்திலிக் கருவாடு வாங்கி வந்து, கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். எனக்கு உடனே வயிற்றுவலி வந்துவிட்டது. என் அக்காவுக்குக் கருவாடே ஆகாது. அப்பா மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டார். கூடவே ஊறுகாய், அப்பளம், போதாததற்குத் தட்டு ஓரத்தில் தனியாகக் கொஞ்சம் உப்பு. எப்போதும் அப்படித்தான் சாப்பிடுவார்.

பத்து நாளில் அவர் கால் வீங்கிப்போய்ச் செருப்பு ஏறவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அம்மா வாசலிலேயே பக்கத்து வீட்டு அத்தையிடம் சொன்னாள்: "பிரஷரு ஏறிப்போயி கிட்னி கெட்டுகினு கீதாம். எல்லாம் அந்தப் பாழாப்போன கருவாடுதான். இனிமே அது வூட்டு வாசப்படியே ஏறக்கூடாது."

கிட்னி என்றால் என்ன என்று அக்காவிடம் கேட்டேன். அவள் எட்டாம் வகுப்பு. "மூத்திரம் பிரிக்கிற எடம்டா" என்றாள்.

என் மூத்திரம் கருவாட்டில் விழுந்தது. கருவாடு அப்பா வயிற்றுக்குள் போனது. இப்போது அவருக்கு மூத்திரம் பிரிக்கிற இடமே கெட்டுவிட்டது. எந்தப் போலீஸ்காரனும் இவ்வளவு சீக்கிரம் துப்புத் துலக்கியிருக்க மாட்டான்.

வீட்டில் நடந்தவைதான் எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் உப்பில்லாமல் தனிக் குழம்பு. ஊறுகாய் ஜாடி அத்தை வீட்டுக்குப் போனது. உடம்புவலிக்கு அவராகவே மெடிக்கலில் வாங்கி விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரைகளை அம்மா குப்பையில் கொட்டினாள். விடிந்ததும் அவரைக் கடலோரம் நடக்க விரட்டினாள். நான் செய்த காரியத்துக்கு அப்பளம் என்ன பண்ணும், மாத்திரை என்ன பண்ணும்? பாவம், ஆள் யாரென்று தெரியாமல் அம்மா கண்டவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா படுத்திருக்கும்போது அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். குழி விழும். அது மூடுகிற வரைக்கும் எண்ணுவேன். ஒரு மாதம் ஆகியும் என் எண்ணிக்கை குறையவில்லை.

"வூட்ல ஒரு கல்லு உப்பு காட்டறதில்ல, அப்பவும் வீக்கம் வத்தாமத்தான் கீது" என்று அம்மா அத்தையிடம் அழுதாள். "இப்டியே போனா மிசினு வச்சுத்தான் ரத்தத்தச் சுத்தம் பண்ணணுமாம்."

மிஷின் என்றதும் எனக்கு ஹார்பர் கிரேன்தான் ஞாபகம் வந்தது. அதில் அப்பாவைத் தொங்கவிடுவார்கள் என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சர்ச்சில் இன்னும் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்காத பையன் என்பதால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவும் வழியில்லை. அப்பாவிடமே போனேன்.

அவர் அப்போதுதான் வேலை விட்டு வந்து பின்பக்கம் கால் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாப்பாட்டுப் பை. போட்டி, காற்று, நெத்திலி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

"இன்னாடா சொல்ற? அந்தக் கருவாட்டயா நான் துன்னேன்?" அவருக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. "அதான் குழம்புல உப்பு தூக்கலா இருந்துச்சா."

"நான்தாம்பா உன் கிட்னியக் கெடுத்துட்டேன். நீ செத்துடுவியா?"

சிரிப்பு நின்றுவிட்டது. சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

"இல்ல நைனா. நீ ஒண்ணியும் பண்ணல."

பைக்குள் கைவிட்டு எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். பாதி தின்ற வறுத்த கருவாடு. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மதில் மேலிருந்த பூனையை "ப்ஸ் ப்ஸ்" என்று கூப்பிட்டு, மொத்தத்தையும் அதற்குப் போட்டார்.

"அம்மாகிட்ட சொல்லாத. நானும் உன்னுத சொல்ல மாட்டேன்."

அதன்பின் அப்பாவின் கால் வற்றத் தொடங்கியது. குழி விழுந்தால் பத்து எண்ணுவதற்குள் மூடியது, பிறகு ஐந்துக்குள். எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது: வியாதி பூனைக்கு மாறிவிட்டது. பல நாள் அதைத் துரத்திப் பிடித்து, நான்கு காலையும் அழுத்திப் பார்த்து, நன்றாகப் பிறாண்டு வாங்கினேன்.

கருவாடு வாசப்படி ஏறாத வீட்டில் அந்தப் பொட்டலம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.